கம்பமும் வழி சொல்லட்டும்

மாண்புமிகு மேயர் அவர்களே, ஆணையர் அவர்களே, வரவேற்புரையிலேயே என் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்டாலும் அழகாகப் பேசிய வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, மின்விசிறி எட்டாத பின்வரிசைப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

‘பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?’ என்பார்கள். சரி, கும்பகோணத்துக்கு விளம்பரம் வேண்டாம். பூக்கடை எந்தச் சந்தில் என்றாவது சொல்ல வேண்டாமா? வெளியூர்க்காரருக்கு ஊரைக் காட்ட உதவும்படி, தெருவில் ஏற்கெனவே இருக்கிற மூன்றைப் பற்றிப் பேச வந்தேன்: சாக்கடை மூடி, விளக்குக் கம்பம், பேருந்து நிழற்குடை.

ஜப்பானில் சாக்கடை மூடியைப் பார்க்க ரயிலேறிப் போகிறார்கள். சிரிக்காதீர்கள்! பாதாளச் சாக்கடை என்றாலே மக்கள் முகம் சுளித்தார்கள். அதனால் 1980களில் ஊருக்கு ஒரு சித்திரம் வார்க்கத் தொடங்கினார்கள். 60 செ.மீ. விட்டம், சுமார் 40 கிலோ வார்ப்பிரும்பு, பள்ளங்களில் வண்ணப் பிசின். ஒசாகா மூடியில் கோட்டையும் செர்ரிப் பூவும். 2016 முதல் பல ஊர் மூடிகளுக்கு, படம் போட்ட, சேர்த்துவைக்கிற அட்டையும் உண்டு. இலவசம்தான், ஆனால் தபாலில் வராது. நேரில் போகவேண்டும், ஆளுக்கு ஒன்றுதான். அட்டைக்காக அவ்வளவு தூரம் வந்தவர் அந்த ஊரில் சாப்பிடாமலா திரும்புவார்?

மூடி நமக்கு ஒத்துவராது. கோபுரத்தை வார்த்தால் யார் மிதிப்பது? குத்துவிளக்கும் ஆகாது, வெற்றிலையும் ஆகாது. மேடுகள் தேய்ந்தால் மழையில் டூவீலர் வழுக்கும். இரும்போ, இரவோடு இரவாகக் காயலான் கடைக்குப் போய்விடும். அட்டையை எடுத்துக்கொள்வோம், மூடியை விட்டுவிடுவோம்.

கம்பத்துக்கு வருகிறேன். 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தாராசுரம் கோயிலுக்கு வழி காட்டும் பலகை என்று வையுங்கள். பழுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, இரவில் ஒளிரும் ஸ்டிக்கர். அடிவிளிம்பு நடைபாதையிலிருந்து 2.1 மீட்டராவது இருக்கட்டும், இல்லையேல் தலையில் இடிக்கும். கம்பத்தில் துளை போடாதீர்கள், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். துருப்பிடிக்காத எஃகுப் பட்டையால் இறுக்குங்கள். ஒரு பலகையில் மூன்று இடங்களுக்கு மேல் எழுதினால் ஓடும் ஆட்டோவிலிருந்து படிக்க முடியாது. திருப்பத்திலேயே நட்டாலும் வீண்; வண்டி திரும்புவதற்கு முன்பே கண்ணில் பட வேண்டும். கியூஆர் குறியீட்டைத் தனித் தகட்டில் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். அண்ணாந்து யாரும் ஸ்கேன் செய்யமாட்டார்கள்.

இவ்வளவும் செய்த மறுநாள் என்ன ஆகும்? அதே கம்பத்தில் காதுகுத்து ஃபிளெக்ஸ் ஏறி, பலகையை மறைத்துவிடும். எதைப் பேசினாலும் ஃபிளெக்ஸில் வந்துதான் நிற்பேன் என்று செயலாளர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று கேட்கிற ஊரில் காதுகுத்துக்கு மட்டும் இருபதடி விளம்பரமா? கம்பத்துக்குக் கம்பம் எண் எழுதுங்கள். எந்த எண்ணில் ஃபிளெக்ஸ் என்று யாரும் போனில் சொல்லலாம். அவிழ்க்கிற கூலியைக் கட்டியவரிடமே வசூலியுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள், நிழற்குடை நிற்கட்டும். 2028-இல் மகாமகம். ரயில் நிலையத்திலிருந்து மகாமகக் குளம் வரை உள்ள கம்பங்களில் ஃபிளெக்ஸை எந்தத் தேதிக்குள் அவிழ்ப்பீர்கள் என்று மேயர் அவர்கள் இந்த மேடையிலேயே அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.