பரோலோவின் மஸ்கரெல்லோ குடும்பம்

நேயர்களுக்கு வணக்கம்.

இத்தாலியின் வடமேற்கே, பியெமான்ட் மாநிலத்துக் குன்றுகளுக்கு நடுவே பரோலோ என்று ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயரே அங்கே விளையும் சிவப்பு ஒயினுக்கும் பெயர். அதை மூன்று தலைமுறையாகச் செய்துவரும் மஸ்கரெல்லோ குடும்பத்தைப் பற்றி இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஜூலியோ மஸ்கரெல்லோ தொடங்கிய பண்ணை இது. நிலம் ஏறக்குறைய 5 ஹெக்டேர், அதாவது 12 ஏக்கர் சொச்சம். அதுவும் சிதறிக் கிடந்தது. கன்னூபி, சான் லொரென்ட்சோ, ரூவே என்ற சரிவுகள் பரோலோவில். ரோக்கே பக்கத்து ஊரான லா மோர்ராவில். கன்னூபி என்ற பெயரைத் தனியாகப் போட்டாலே புட்டிக்கு விலை ஏறும். இவர்கள் போடவில்லை. எல்லாச் சரிவின் பழத்தையும் சேர்த்து ஒரே ஒயினாகத்தான் செய்தார்கள். ஒரு சரிவில் குறைந்ததை இன்னொன்று ஈடுகட்டும் என்பது ஜூலியோ காலத்துக் கணக்கு. அந்தக் கணக்கில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

பரோலோவுக்கு நெபியோலோ என்ற ஒரே வகைத் திராட்சைதான். நிறம் வெளிறியது, துவர்ப்போ நாக்கைப் பிடித்து இழுக்கும். பழைய முறையில் சாறு தோலோடு பல வாரம் ஊறும். பிறகு ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பெரிய ஓக் பீப்பாய்களில் வருடக்கணக்கில் கிடக்கும். சட்டமே 38 மாதம் காத்திருக்கச் சொல்கிறது, அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். அவ்வளவு காலம் பணம் முடங்கிக் கிடப்பதைச் சிறு குடும்பம் ஒன்று தாங்க வேண்டும்.

1980களில் இளைஞர்கள் பொறுமை இழந்தார்கள். பாரிக் எனப்படும் 225 லிட்டர் புதுப் பீப்பாய் வந்தது. ஒயின் சீக்கிரம் மென்மையாகும், வெனிலா வாசம் ஏறும். லா மோர்ராவின் எலியோ அல்தாரே 1983இல் தன் தந்தையின் பழைய பீப்பாய்களை மின்ரம்பத்தால் அறுத்தே போட்டார். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. பல நிலவறைகளில் பழைய பீப்பாய்கள் அழுக்கேறித்தான் கிடந்தன.

ஜூலியோவின் மகன் பர்தோலோ அசையவில்லை. இரண்டாம் உலகப் போரில் பாசிசத்தை எதிர்த்துப் போராடிய மனிதர் அவர். முதுமையில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி புட்டிச் சீட்டுகளைத் தன் கையாலேயே வரைந்தார். அவற்றில் ஒன்று உலகப் புகழ் பெற்றது: "பாரிக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்." பெர்லுஸ்கோனி, தொலைக்காட்சி அதிபராக இருந்து இத்தாலியின் பிரதமரானவர். மண்ணின் ருசியை வெனிலா மூடுவதும், விளம்பரம் அரசியலை மூடுவதும் அவருக்கு ஒரே தீமையாகத்தான் பட்டிருக்க வேண்டும்.

2005இல் பர்தோலோ மறைந்தார். பொறுப்பேற்ற மகள் மரியா தெரேசா, இன்றும் சரிவுகளைக் கலந்தே பரோலோ செய்கிறார். பாரிக் அந்த நிலவறைக்குள் வரவில்லை. சிறு பீப்பாய்க்கு மாறிய பலர், பின்னாளில் பெரிய பீப்பாய்க்கே திரும்பியிருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.