லூயி 15 நாற்காலியா, லூயி 16 நாற்காலியா?

அடுத்த கேள்வி, இன்டீரியர் டிசைன் படிக்கும் ஒரு மாணவி அனுப்பியது. "வகுப்பில் ஒரு பழைய பிரெஞ்சு நாற்காலியின் படத்தைக் காட்டினார்கள். கால்கள் வளைந்திருந்தன, முதுகுச் சட்டம் முட்டை வடிவத்தில் இருந்தது. ஆசிரியர் லூயி 15 பாணி என்றார், நான் லூயி 16 என்றேன். எது சரி? ராஜா மாறினால் நாற்காலியும் மாறிவிடுமா?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ராஜா மாறியதால் நாற்காலி மாறவில்லை. லூயி 15 இறந்தது 1774இல். ஆனால் நாம் லூயி 16 பாணி என்று சொல்கிறோமே, அது 1760களிலேயே பாரிஸில் வந்துவிட்டது. பாரிஸ் பக்கத்தில் பிரெஞ்சு ராஜாக்கள் இருந்த வெர்சாய் அரண்மனையின் தோட்டத்தில், பெத்தி திரியானோன் (Petit Trianon) என்ற சின்ன மாளிகை இருக்கிறதே, அதைப் பாருங்கள். லூயி 16இன் மனைவி மரி அந்துவானெத் பெயரோடு சேர்த்தே அதை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் நேர்கோடும் தூணுமாக, அந்தப் புதிய பாணியிலேயே இருக்கும் அந்தக் கட்டடத்தை 1762 முதல் 1768 வரை கட்டவைத்தவர் லூயி 15தான். இத்தாலியில் எரிமலை வெடித்துப் புதைந்துபோன ரோமானிய ஊர்களான ஹெர்குலேனியத்தை 1738இலும் பொம்பேயை 1748இலும் தோண்ட ஆரம்பித்த பிறகு, பழைய ரோமானிய வடிவங்கள் மேல் ஒரு மோகம் பரவியது. சங்கு, பாறை, கொடி என்று நெளிந்துகொண்டிருந்த ரொகோகோ அலங்காரம், அதாவது லூயி 15 பாணி, சிலருக்குச் சலித்தும் போயிருந்தது.

சரி, நாற்காலிக்கு வருவோம். எதை வைத்து அடையாளம் காண்பது? நான் முதலில் பார்ப்பது, இருக்கைச் சட்டமும் முன்னங்காலும் சேரும் மூலையை.

லூயி 15 நாற்காலியில் அந்த மூலையே கண்ணுக்குத் தெரியாது. சட்டத்தின் ஓரத்தில் செதுக்கிய வரி அப்படியே வழிந்து காலுக்குள் இறங்கிவிடும். கால் மேலே பருத்து, கீழே மெலிந்து, பாதத்தில் மெல்ல வெளியே திரும்பும். மரத்தை வளைத்து இதைச் செய்யவில்லை. பெரும்பாலும் பீச் மரம். தடித்த பலகையிலிருந்து அந்த வளைவையே அறுத்து எடுத்தார்கள். ஒரு காலுக்கு எவ்வளவு மரம் வீணாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! இன்னொன்றையும் கவனியுங்கள், கைப்பிடியைத் தாங்கும் கட்டை முன்னங்காலுக்கு நேர் மேலே இருக்காது, கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். அந்தக் காலத்துப் பெண்கள் அணிந்த அகலமான வளையப் பாவாடை விரிய இடம் வேண்டுமே, அதற்காக.

லூயி 16இல் அந்த மூலை பளிச்சென்று தெரியும். அங்கே ஒரு சதுரக் கட்டை, அதற்குள் வட்டமாக ஒரு பூ. அதன் கீழே கால் நேராக இறங்கும்; கீழே போகப் போக மெலியும்; தூணில் இருப்பது போல நெடுக வரிப்பள்ளம் ஓடும். கால், சட்டம், கைப்பிடி எல்லாம் தனித்தனி உறுப்பாகத் தெரியும். முதுகு முட்டை வடிவத்திலோ செவ்வகமாகவோ இருக்கும். இடது பக்கம் என்ன இருக்கிறதோ அதுவேதான் வலது பக்கமும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு காலம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் பிடித்த பொருள் ஒன்றைச் சொல்கிறேன். வெர்சாயில் லூயி 15க்காகச் செய்த எழுதுமேசை. 1760இல் ஊபென் என்ற தச்சர் தொடங்கினார். 1763இல் அவர் இறந்துபோக, அவருடைய பட்டறையில் இருந்த ரீஸெனர் 1769இல் முடித்தார். உருளையாகச் சுருண்டு மூடும் மூடி. பூட்டில் சாவியை ஒரு திருப்புத் திருப்பினால் மூடியும் இழுப்பறைகளும் ஒருசேரத் திறக்கும். பக்கவாட்டில் மைக்கூட்டுக்கென்று தனி இழுப்பறை உண்டு. வேலைக்காரர் மை நிரப்ப மேசையைத் திறக்க வேண்டியதில்லை, ராஜாவின் காகிதங்கள் அவர் கண்ணில் படாது. எவ்வளவு நுணுக்கமான யோசனை! அந்த மேசையின் கால்கள் பழைய பாணியில் வளைந்தவை. மேலே உள்ள அலங்காரத்திலோ புதிய பாணியின் ஒழுங்கு வந்துவிட்டது. ஒரே மேசைக்குள் இரண்டு காலம்.

உங்கள் வகுப்பில் காட்டிய நாற்காலியும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். ஆசிரியர் காலைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார், நீங்கள் முதுகைப் பார்த்துச் சொல்லியிருக்கிறீர்கள். இதற்கு டிரான்ஸிஷன் பாணி என்றே பெயர் உண்டு. சுமாராக 1760இலிருந்து 1775 வரை. தேர்வில் அப்படியே எழுதுங்கள், காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆனால் வடிவத்தை மட்டும் வைத்து வயதைச் சொல்லிவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் இவற்றைப் பார்த்து ஏராளமாகப் பிரதி எடுத்தார்கள். அந்த நூற்றாண்டில் பிரான்ஸின் பேரரசராக இருந்த நெப்போலியன் 3இன் மனைவி யூஜெனிக்கு மரி அந்துவானெத் மேல் அப்படி ஒரு பிரியம், அவரால் லூயி 16 பாணி மறுபடி மோஸ்தர் ஆனது. அப்புறம், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பாரிஸ் தச்சர்கள் தங்கள் பெயரை மரத்தில் முத்திரையாகக் குத்த வேண்டும் என்பது அவர்களுடைய சங்கத்தின் விதி. 1791இல் அந்தச் சங்கங்களையே கலைத்துவிட்டார்கள். நாற்காலியில் அந்த முத்திரை பெரும்பாலும் இருக்கைச் சட்டத்தின் அடியில் இருக்கும். போலி முத்திரையும் உண்டு, அரண்மனைக்கே வேலை செய்த சிலருக்கு விதிவிலக்கும் உண்டு. அதனால் முத்திரையோடு மரத்தின் தேய்மானத்தையும் ரம்பத் தடத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் ஆசிரியரிடம் அந்த நாற்காலியின் அடிப்பக்கப் படம் இருந்தால் வாங்கி அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் சேர்ந்தே பார்க்கலாம்.