குப்பையில் கிடந்த குன்றிமணி: தி கிராம்ப்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, அலுவல் நெருக்கடிக்கு நடுவிலும் நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அம்மையார் அவர்களே, வாசகர் வட்டத்தை இத்தனை காலமும் கட்டிக்காத்துவரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் அவர்களே (அவர் இன்னும் வந்துசேரவில்லை, வந்ததும் மறுபடி சொல்லிக்கொள்கிறேன்), ஒலிபெருக்கி கட்டிக் கொடுத்த தம்பிகளே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் ‘ஆண்டவர் எங்களுக்குக் கற்பித்த பாடல்கள்’ என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து, பக்திச் சொற்பொழிவு என்று எண்ணித் திருநீறு பூசிக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் சிலரை இங்கிருந்தே பார்க்கிறேன். தயவுசெய்து எழுந்து போய்விடாதீர்கள். அது தி கிராம்ப்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு 1980இல் வெளியிட்ட முதல் நெடுந்தட்டின் பெயர். பதின்மூன்று பாட்டு. ஆண்டவர் எந்தப் பாட்டிலும் வரமாட்டார். ஓநாயாக மாறும் விடலைப் பையன் வருவான், நடைபிணங்கள் நடனமாடும், ஒரு குப்பைக்காரரும் வருவார்.

மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, மெம்பிஸ் நகரத்து ஒலி. இரண்டு, பேய். மூன்று, அந்தக் குழுவின் கிதாரைக் கையில் வைத்திருந்த பெண்மணி. நான்காவதாக ஒரு கோரிக்கையும் உண்டு. என்னை அறிந்தவர்கள் அது என்னவென்று ஊகித்திருப்பார்கள்.

‘குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மங்காது’ என்பார்கள். நான் பேசிய எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் இறங்கியதில்லை. தலைமையாசிரியர் ஐயா சிரிக்கிறார். சிரிக்கட்டும். இன்றைக்கு அந்தப் பழமொழிக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது.

1954 ஜூலையில் மெம்பிஸின் யூனியன் அவென்யூவில், சாம் பிலிப்ஸ் நடத்திய சிறிய ஒலிப்பதிவுக்கூடத்தில், எல்விஸ் பிரஸ்லி என்ற பத்தொன்பது வயது இளைஞர் பாடினார். டிரம்ஸ் கிடையாது. இரண்டு கிதார், பாஸ் என்ற ஆளுயரத் தந்திக் கருவி ஒன்று, அவ்வளவுதான். அந்த பாஸின் தந்தியை இழுத்துப் பலகையில் பட்டென்று அறைய விடுவார்கள். அதுவே தாளம். குரலை ஒரு டேப் கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு அனுப்பி, இம்மி நேரம் தாமதப்படுத்தி, மூலக்குரலோடு மறுபடி கலந்துவிடுவார் பிலிப்ஸ். பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் அவரைப் போலவே இன்னொருவர் நின்று பாடுவது போல ஒலிக்கும். வெள்ளையரின் நாட்டுப்புற இசையும் கறுப்பரின் ப்ளூஸும் முட்டிக்கொண்டு பிறந்த இந்த இசைக்கு ராக்கபில்லி என்று பெயர் வந்தது. அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஊருக்கு ஊர் பையன்கள் இப்படிப் பாடிச் சின்னச் சின்னக் கம்பெனிகளில் தட்டு வெளியிட்டார்கள். பெரும்பாலானவை விலைபோகவில்லை. பழைய சாமான் கடைகளில் சில்லறைக் காசுக்குக் குவிந்து கிடந்தன.

அந்தக் குவியலைக் கிளறியவர்கள்தாம் நம் கதாநாயகர்கள். ஒஹாயோ மாநிலத்துக்காரர் எரிக் பர்க்கைசர். கலிபோர்னியாப் பெண் கிரிஸ்டி வாலஸ். 1972இல் சாக்ரமெண்டோவில் சந்தித்தார்கள். பழைய தட்டு வெறி இருவரையும் சேர்த்துக் கட்டியது. எரிக் லக்ஸ் இன்டீரியர் என்றும், கிரிஸ்டி பாய்சன் ஐவி என்றும் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டார்கள். 1975இல் நியூயார்க் போய், மறு ஆண்டு தி கிராம்ப்ஸ் குழுவாக சிபிஜிபி என்ற மதுக்கூட மேடையில் ஏறினார்கள். பங்க் இசை பிறந்துகொண்டிருந்த மேடை அது. வாசிக்கத் தெரிந்தவன்தான் மேடையேற வேண்டும் என்ற சட்டம் அங்கே செல்லாது.

இவர்கள் செய்த துணிச்சலைப் பாருங்கள். ராக்கபில்லியின் உயிரே பாஸ் என்றேன் அல்லவா? அந்த பாஸையே தூக்கி எறிந்துவிட்டார்கள். ஐவியின் கிதார் பழைய பாணியில் துள்ளும். பிரையன் கிரிகரியின் கிதார், ஒலி கிழிந்து உறுமும்படி கூட்டி வைக்கப்பட்டு, பாஸ் இருந்திருக்க வேண்டிய இடம் முழுவதையும் நிரப்பும். நிக் நாக்ஸ் டிரம்ஸில் ஒரே அடியைத்தான் திரும்பத் திரும்ப அடிப்பார் என்று தோன்றும். அதில் ஓர் அணு பிசகாது. 1979இல் மெம்பிஸுக்கே திரும்பிப் போய், அதே சாம் பிலிப்ஸின் பிந்தைய கூடத்தில் இந்தத் தட்டைப் பதிவு செய்தார்கள். தயாரித்தவர் அலெக்ஸ் சில்ட்டன். பதினாறு வயதிலேயே பாக்ஸ் டாப்ஸ் குழுவில் பாடி அமெரிக்காவின் முதலிடத்தைத் தொட்ட மெம்பிஸ்காரர். ஒலி கலங்கலாக இருக்கிறது என்று குறை சொல்வோர் உண்டு. கலங்கலாகத்தான் இருக்கிறது. துலக்கியிருந்தால் கெட்டுப்போயிருக்கும் என்பது என் கட்சி. 1956இல் ஜானி பர்னெட் பாடிய ‘டேர் இட் அப்’ பாட்டை இதிலும் பாடியிருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பர்னெட் உற்சாகத்தில் கத்துகிறார். லக்ஸோ கழுத்தை யாரோ பிடித்துவிட்டது போன்ற விக்கலும் திணறலுமாகக் கத்துகிறார். குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மங்காது!

நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் வந்துவிட்டார்கள். வாருங்கள், ஐயா. தம்பி, அந்தப் பொன்னாடையை இங்கே கொண்டுவா. நம் நூலகத் தெருவுக்கு விளக்குப் போட்டுக் கொடுத்தவர், வாசகர் வட்டத்தின் எந்த வேண்டுகோளையும் காதுகொடுத்துக் கேட்பவர். கேட்டதோடு நிற்காமல் இன்று செய்தும் தருவார் என்ற நம்பிக்கையோடு வரவேற்கிறோம்.

இனி, பேய். அமெரிக்காவில் 1950களின் தொடக்கத்தில் திகில் படக்கதை இதழ்களைப் பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்தார்கள். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று செனட் குழுவே கூடி விசாரித்தது. 1954இல் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாட்டு விதி வகுத்துக்கொண்டார்கள். இதழின் பெயரில் ‘திகில்’ என்ற சொல் வரக்கூடாது. இரத்தக் காட்டேரி, நடைபிணம், ஓநாய் மனிதன் யாருக்கும் உள்ளே இடமில்லை. அப்போது லக்ஸுக்கு ஏழு, எட்டு வயது. தடை செய்த பேய்கள் எங்கே போகும்? 1957இல் பழைய திகில் படங்கள் மொத்தமாகத் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டன. வாசல் வழியே துரத்திய பேய் வரவேற்பறைப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கிளீவ்லாந்து வானொலியில் ‘மேட் டாடி’ என்ற பெயரில் பீட் மையர்ஸ் என்பவர் பேய்ச் சிரிப்போடு, பேச்செல்லாம் எதுகையாகவே அடுக்கிப் பாட்டுப் போடுவார். ஒப்பந்தச் சிக்கலால் வானொலியில் பேச முடியாமல் போன நாட்களில், மக்கள் தம்மை மறந்துவிடக் கூடாதென்று பாரசூட் கட்டிக்கொண்டு ஈரி ஏரியில் குதித்தார் மனிதர். இந்தத் தட்டில் ‘மேட் டாடி’ என்றே ஒரு பாட்டு இருக்கிறது. தம் சிறுவயதில் வாழ்ந்த ஒரு வானொலிக் குரலுக்கு லக்ஸ் செலுத்திய கடன் அது.

இந்த இடத்தில் ஒரு கதையைச் சொல்லியே ஆகவேண்டும். தட்டுக்கு இரண்டு ஆண்டு முந்தியது. நேரமாகிவிட்டது என்று தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். ஐந்து நிமிடம் கொடுங்கள், ஐயா.

1978 ஜூன் 13. கலிபோர்னியாவில் நாப்பா என்ற ஊர். அங்கே 1875இலிருந்து இயங்கிவரும் அரசு மனநல மருத்துவமனை. அங்கு நோயாளிகளுக்காகக் கட்டணமில்லாமல் கச்சேரி செய்தது நம் குழு. மருத்துவமனைக் கச்சேரி என்றால் நாம் என்ன எதிர்பார்ப்போம்? மெல்லிய புல்லாங்குழல், தாலாட்டு, முடிந்ததும் ஆரஞ்சுப் பழம். அங்கே போய் நின்றவர்களைப் பாருங்கள். பாதி முகத்தை மறைத்துத் தொங்கும் முடியோடு கிரிகரி. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத நிக் நாக்ஸ். சிலை போல அசையாத முகத்தோடு ஐவி. ஒட்டடைக் குச்சி போல ஒல்லியாக, நெடுநெடுவென்று லக்ஸ். நியூயார்க்கிலிருந்து வருகிறோம், உங்களுக்காக வாசிக்க மூவாயிரம் மைல் வண்டியோட்டி வந்திருக்கிறோம் என்றார் லக்ஸ். கூட்டத்திலிருந்து ஒருவர் உடனே கெட்ட வார்த்தையில் பதில் வாழ்த்துச் சொன்னார். எந்த மேடையிலும் இவ்வளவு நேர்மையான வரவேற்புரை கிடைக்காது! லக்ஸ் கொஞ்சமும் அசரவில்லை. உங்களைப் பைத்தியம் என்று யாரோ சொன்னார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை, நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்றார்.

பாட்டுத் தொடங்கியது. மேடைக்கும் கூட்டத்துக்கும் இடையே இருந்த கோடு அழிந்தது. ஒரு பெண்மணி வந்து லக்ஸின் தோளில் சாய்ந்துகொண்டு மைக்கில் அவரோடு சேர்ந்து கத்தினார். யாரும் அவரைப் பிடித்து இழுக்கவில்லை. ஒருவர் தனக்குத் தானே சுற்றிச் சுற்றி ஆடினார். லக்ஸ் தரையில் புரண்டார். யார் பாடகர், யார் நோயாளி என்று வெளியாள் பிரித்துச் சொல்ல முடியாது. சான் பிரான்சிஸ்கோ நண்பர்கள் ஒரே ஒரு கறுப்பு வெள்ளை வீடியோக் கேமராவை வைத்து அதைப் படம் பிடித்தார்கள். சுமார் இருபது நிமிடப் படம். அந்த டேப்பை யாரோ ஒருவர் எடுத்துப் பத்திரமாக வைத்ததால்தான் இந்தக் கதையை உங்களுக்கு இன்று நான் சொல்கிறேன். வைக்காமல் போயிருந்தால்? ‘வைத்ததால்’ என்ற சொல்லைத் தயவுசெய்து நினைவில் கொள்ளுங்கள், அலுவலர் அம்மையார் அவர்களே.

மூன்றாவது செய்தி பாய்சன் ஐவி. ராக் உலகில் பெண்கள் பாடகர்களாகவே நிறுத்தப்பட்ட காலத்தில் குழுவின் ஒலியையும் நிர்வாகத்தையும் தம் கையில் வைத்திருந்தவர். தனிக்கூட்டமே போட்டுப் பேச வேண்டிய ஆளுமை. தலைவர் மறுபடியும் கடிகாரத்தைக் காட்டுவதால் கோரிக்கைக்கு வந்துவிடுகிறேன்.

குழுவின் தொடக்க நாட்களில் டிரம்ஸ் வாசித்த மிரியம் லின்னா, 1986இல் தம் கணவர் பில்லி மில்லரோடு சேர்ந்து நார்ட்டன் ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். யாரும் சீண்டாத பழைய ராக்கபில்லிப் பாடகர்களைத் தேடிப் பிடித்துத் தட்டுப் போடுவதே அதன் வேலை. 2012 அக்டோபரில் சாண்டிப் புயல் அடித்தபோது புரூக்ளினில் இருந்த அவர்கள் கிடங்கு வெள்ளத்தில் மூழ்கியது. இசை அன்பர்கள் திரண்டு வந்து தட்டுகளைக் கழுவி உலர்த்திக் கொடுத்தார்கள். நம் பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த அச்சுக் குவியல் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது.

இந்தக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் சாக்குப் பைகளில் என்ன இருக்கிறது தெரியுமா? ஊர்க்காரர்கள் நன்கொடையாகக் கொடுத்த கிராமபோன் தட்டுகள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். பழைய 78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது. பாரம் தாங்காது, பளீரென்று உடையும். நிமிர்த்தித்தான் அடுக்க வேண்டும். சாராயச் சத்துள்ள திரவத்தால் துடைத்தால் அரக்கு கரைந்து பாட்டே அழிந்துவிடும். அதிகம் கேட்கவில்லை. பத்துக்குப் பத்தில் ஓர் அறை, மர அலமாரி இரண்டு, 33, 45, 78 என்ற மூன்று வேகத்திலும் தட்டைச் சுழற்றும் கருவி ஒன்று, காதில் மாட்டிக் கேட்க நான்கு ஹெட்போன். குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மங்காது என்பது குன்றிமணிக்குச் சரி, அம்மா. அரக்குத் தட்டு மங்கும். கரையான் வராவிட்டாலும் மழைத்தண்ணீர் வரும்.

வாசலில் மேசைமேல் கையெழுத்துத் தாள் வைத்திருக்கிறோம். பெயரும் வார்டு எண்ணும் போதும். நகர்மன்ற உறுப்பினர் ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கி வைப்பார். அவரிடம் இன்னும் கேட்கவில்லை, இப்போதுதான் கேட்கிறேன். தம்பி, ‘கார்பேஜ்மேன்’ என்ற அந்தக் குப்பைக்காரர் பாட்டில் முள்ளை வை. பெரியவர்களே, ஒலிபெருக்கிக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்கள் மட்டும் நாலு வரிசை பின்னால் போய் உட்காருங்கள்.