35 அங்குல டயர் போட்டா ரேஞ்ச் எவ்வளவு போகும்? மீட்டரை அப்படியே நம்பாதீங்க!

[திரையில்: மின்சார பிக்கப், பக்கத்துல பழைய டயரும் 35 அங்குல டயரும்]

மின்சார பிக்கப்ல பெரிய டயர் போட்டதும் "ரேஞ்ச் சட்டுனு குறைஞ்சிடுச்சு"ன்னு, அதாவது ஒரு சார்ஜுக்கு ஓடுற தூரம் போச்சுன்னு, புலம்புறவங்க நிறைய. அதுல ஒரு பங்கு குறையவே இல்லை, மீட்டர் தப்பா எண்ணுது! டயர் சுவர்ல இருக்கிற எண்ணை வச்சே இதைக் கண்டுபிடிச்சிடலாம்.

ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் மின்சார பிக்கப்ல வந்த ஒரு அளவு 275/65ஆர்18. 275 மில்லிமீட்டர் அகலம். அதுல 65 சதவீதம், அதாவது 178.75, டயர் சுவரோட உயரம். மேலயும் கீழயும் சேர்த்தா 357.5. 18 அங்குல ரிம் 457.2. மொத்தம் கிட்டத்தட்ட 815 மில்லிமீட்டர். 35 அங்குல டயரோ 889! 9 சதவீதம் பெருசு.

ஒரு சுத்துக்குப் பழசு 2.56 மீட்டர் உருளும், புதுசு 2.79. வண்டி கம்ப்யூட்டர் சுத்தைத்தான் எண்ணும், டயர் மாறினது அதுக்குத் தெரியாது. மீட்டர் 100 கிலோமீட்டர் காட்டுறப்ப நீங்க 109 போயிருப்பீங்க. 100 கிலோமீட்டருக்கு 30 யூனிட்னு அது சொன்னா, உண்மை 27.5. அழகான கணக்கு இல்லையா? உங்க டயர் எண்ணைக் கமென்ட்ல போட்டு நீங்களும் கணக்குப் பாருங்க.

வேகமும் இப்படித்தான். மீட்டர்ல 60 காட்டுறப்ப நிஜத்துல 65 தொட்டிருக்கலாம். சிங்கப்பூர்ல தீவு விரைவுச்சாலை (PIE) கேமரா உங்க மீட்டரைப் பார்க்காது, கவனம்!

[திரையில்: கட்டை கட்டையான ஆஃப்ரோடு டயர்]

இப்ப நிஜமான இழப்பு. தடிமனான ரப்பர் ஒவ்வொரு சுத்துலயும் மடங்கி நிமிரும், பேட்டரி மின்சாரம் சூடா மாறிப் போகும். எடை கூடினதால சிக்னல்ல கிளம்புறதுக்கும் அதிகம் இழுக்கும். பிரேக் பிடிக்கிறப்ப அது முழுசும் பேட்டரிக்குத் திரும்பாது. கதவோரத்துல ஒட்டியிருக்கிற காத்து அளவு பழைய டயருக்கானது. எல்டி (LT, இலகு ரக லாரி) வகை டயர் அதே பாரத்தைச் சுமக்க இன்னும் அதிகக் காத்து கேட்கும். டயர் நிறுவனத்தோட பாரம்-அழுத்த அட்டவணையைப் பார்த்து அடைங்க.

பெரிய டயருக்கு இடம் வேணும்னு வண்டியை உயர்த்தினா, அதாவது லிஃப்ட் பண்ணினா, காத்துத் தடை கூடும். ஆனா அந்தத் தடை வேகத்தோட இருமடிப்படி ஏறும்: 110-ல இருக்கிறது 60-ல இருக்கிறதைவிட மூணு மடங்குக்கு மேல. அமெரிக்க வீடியோக்கள் லிஃப்டைப் பார்த்துப் பயப்படுறது அதனாலதான். இங்க 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு விரைவுச்சாலையிலயே 60 தான் வரம்பு. என் கருத்து: சிங்கப்பூர்ல முதல் எதிரி டயர் வகையும் டயருக்குள்ள இருக்கிற காத்து அழுத்தமும்தான், உயரம் அதுக்கப்புறம்.

உயர்த்தினதும் சக்கரக் கோணம் மாறும். வீல் அலைன்மென்ட் செய்யாம ஓட்டினா டயர் சாலையைத் தேய்ச்சுக்கிட்டே போகும். வண்டியை நிறுத்திட்டு, டயர் மேல உள்ளங்கையைக் குறுக்கா ஓட்டிப் பாருங்க. ஒரு பக்கம் வழுவழுன்னும், திரும்பி வர்றப்ப அரம் மாதிரியும் இருந்தா டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற கோணம்) சரியில்லை. ஆக்சில் ஜாயின்ட்டும் சாய்வு கூடிச் சீக்கிரம் தேயும், ரப்பர் உறை கிழிஞ்சு கிரீஸ் தெறிக்கும்.

டயர், சஸ்பென்ஷன் எதை மாத்துறதுக்கு முன்னாடியும் நிலப் போக்குவரத்து ஆணைய விதிகளைப் பாருங்க. அடுக்குமாடி கார் நிறுத்துமிட வாசல்ல தொங்குற உயரக் கம்பியையும் அளந்துக்குங்க.

சோதனை செய்ய, அதே சாலையில, அதே பாரத்தோட, டயர் மாத்துறதுக்கு முன்னும் பின்னும் ஓட்டுங்க. தூரம் கைப்பேசி ஜிபிஎஸ்ல. திரும்பி வந்து அதே அளவுக்குச் சார்ஜ் ஏத்தி, சார்ஜர் காட்டுற யூனிட்டை ஜிபிஎஸ் கிலோமீட்டரால வகுங்க. மழை நாளையும் காய்ஞ்ச நாளையும் ஒப்பிடாதீங்க, ஈரச் சாலையே கூடுதலா இழுக்கும்.