அணி முதலாளியும் மண்டகப்படிக்காரரும்

(மதுரையில் உடற்கல்வி ஆசிரியர்களும் கபடிக் குழு நடத்துகிறவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

சித்திரையில் அழகர் மலையை விட்டு இறங்கி, வண்டியூர் போய்த் திரும்புவதற்குள் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று வருகிறார். பந்தல், பூ, விளக்கு, பிரசாதம் எல்லாம் மண்டகப்படிக்காரர் செலவு. அதற்குரிய மரியாதையும் அவருக்கு உண்டு. ஆனால் அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குவார் என்பதில் அவருக்குப் பேச்சு கிடையாது. ஓர் அணியை விலை கொடுத்து வாங்குகிறவரின் இடமும் இதுதான் என்பது என் கட்சி.

நிறத்தைச் சும்மா சொல்லவில்லை. வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் சிட்டி என்று ஒரு கால்பந்து அணி. நூறாண்டாக நீலச் சட்டை. செல்லப்பெயரே ‘நீலப் பறவைகள்’. மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான் அதன் முதலாளியானார். 2012-ல் சட்டையைச் சிவப்பாக்கினார். அந்தப் பருவத்திலேயே அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்து, அங்கே முதல் நிலைப் போட்டியான பிரீமியர் லீக்குக்கு ஏறியது. ராசியான நிறம் என்று வாயடைத்திருக்கலாம். ஊர் விடவில்லை. 2015 ஜனவரியில் அவரே நீலத்துக்குத் திரும்பினார்.

அடுத்தது பணம். முதலாளியிடம் காசு இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறோம். அது எந்தக் கணக்கில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஹைதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ் 2009-ல் ஐ.பி.எல். கோப்பை வென்ற அணி. 2012 பருவம் ஆடி முடித்ததோடு அப்படி ஒரு அணியே இல்லாமல் போனது. முதலாளியின் பத்திரிகைத் தொழில் கடனில் மூழ்கியது. அணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. கொச்சி அணி இன்னும் பாவம். 2011-ல் ஒரே ஒரு பருவம் ஆடியது. பங்குதாரர்களுக்குள் இழுபறி, வங்கி உத்தரவாதம் கட்டவில்லை என்று கிரிக்கெட் வாரியம் நீக்கிவிட்டது. நீக்கியது சரியில்லை என்று நடுவர் மன்றத்தில் தீர்ப்பாகி, 538 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்பதை 2025-ல் பம்பாய் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. பங்குதாரர்கள் வழக்கில் ஜெயித்தார்கள். கொச்சிக்கு அணி திரும்பவில்லை.

ஆகவே, அணிக்குத் தனிக் கணக்கு வையுங்கள். ஒரு முழுப் பருவத்தின் சம்பளம், பயணம், தங்கும் செலவு அதில் முதல் நாளே கிடக்க வேண்டும். மில்லில் வசூல் வரட்டும், அப்புறம் தருகிறேன் என்கிறவர் அணி நடத்தக் கூடாது. சம்பளத் தேதி தள்ளிப்போனால் அதை முதலில் உணர்கிறவர் நட்சத்திர ஆட்டக்காரர் இல்லை, அவருக்கு விளம்பரக் காசு வரும். ஊருக்குப் பணம் அனுப்பக் காத்திருக்கும் பதினெட்டாவது ஆள்தான் பயிற்சிக்கு வந்து சும்மா நின்றுவிட்டுப் போவார்.

நல்ல முதலாளி, கெட்ட முதலாளி என்று தனித்தனி ஆள் இருப்பதாக நினைக்காதீர்கள். ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும். சென்னை சூப்பர் கிங்ஸைப் பாருங்கள். ஃபிளெமிங் 2009 முதல் தலைமைப் பயிற்சியாளர். 2020-ல் அணி ஏழாவது இடத்தில் முடிந்தது. அதுவரை அவ்வளவு கீழே போனதில்லை. வேறொரு முதலாளியாக இருந்தால் பயிற்சியாளர், கேப்டன் இரண்டு பேரையும் அனுப்பியிருப்பார். இவர்கள் இருவரையும் அப்படியே வைத்தார்கள். 2021-ல் கோப்பை. அதே அணிதான் 2016, 2017 இரண்டு ஆண்டும் ஆடாமல் வீட்டில் உட்கார்ந்தது. முதலாளியின் மருமகன் அணிக்குள் அதிகாரி போல வலம் வந்து, பந்தயமும் கட்டியிருக்கிறார் என்று விசாரணையில் தெரிந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி லோதா குழு ராஜஸ்தான் அணியையும் சேர்த்துத் தடை போட்டது. பயிற்சியாளர் விஷயத்தில் அத்தனை பொறுமை காட்டிய நிர்வாகம், சொந்தக்காரருக்கு வாசற்படியில் கோடு போடவில்லை. மச்சான், மருமகன், கூட்டாளி யாராக இருந்தாலும் உடை மாற்றும் அறைக்குள் வேலை இல்லாதவருக்கு அனுமதி அட்டை கொடுக்காதீர்கள்.

கோபம் வரும். போட்ட காசு தோற்கும்போது வராமல் இருக்குமா? 2024 மே 8, ஹைதராபாத். லக்னோ வைத்த 166 ரன் இலக்கை ஹைதராபாத் அணி 9.4 ஓவரில் விக்கெட்டே இழக்காமல் அடித்து முடித்தது. லக்னோ முதலாளி மைதானத்து ஓரத்திலேயே கேப்டன் கே.எல்.ராகுலிடம் கையை ஆட்டிப் பேசினார். என்ன பேசினார் என்பது டிவி பார்த்தவர்களுக்குக் கேட்கவில்லை. கை மட்டும் தெரிந்தது, அது போதுமானதாக இருந்தது. அடுத்த ஏலத்தில் ராகுல் டெல்லிக்குப் போய்விட்டார். கேட்க வேண்டியதை மறுநாள் அறைக்குள், பயிற்சியாளரை வைத்துக்கொண்டு கேட்கலாம்.

இனி ஏலம். முதலாளி கெடுவது பெரும்பாலும் இங்கேதான். கேமரா இருக்கிறது, எதிர் மேசையில் போட்டியாளர் இருக்கிறார், விலை கேட்கத் தூக்கும் பலகை தன்னால் மேலே போகிறது.

நமக்குத் தெரிந்த கபடியையே எடுத்துக்கொள்வோம். தமிழ் தலைவாஸ் 2017-ல் புரோ கபடிக்குள் வந்த அணி. முதல் நான்கு பருவமும், முன்னணி அணிகள் மட்டும் ஆடும் பிளே-ஆஃப் சுற்றின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. 2022 ஏலத்தில் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்க அனுமதித்த தொகை 4.4 கோடி, பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்கால் போனது, பருவம் முடிந்தது. கதையும் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் அந்தப் பருவத்தில்தான் தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதி ஆடினார்கள். நரேந்தர் என்ற புது ரெய்டர், அதாவது எதிர்க்களத்துக்குள் பாடிப் போகிறவர், இருநூறு ரெய்டு புள்ளிக்கு மேல் எடுத்தார். தடுப்பில் வலது ஓரமான ரைட் கார்னரில் சாகர், இடது ஓரமான லெஃப்ட் கார்னரில் சாஹில் குலியா, அவர்களுக்கு உள்பக்கம் கவர் என்ற இடத்தில் இரண்டு பேர். எதிரணி ரெய்டர்களை இந்த நாலு பேரும்தான் பிடித்தார்கள்.

கார்னர் ஆள் கணுக்காலைப் பிடித்த அந்த நொடியில் பக்கத்துக் கவர் வந்து இடுப்பில் மோத வேண்டும். அரை நொடி முன்னால் வந்தால் ரெய்டர் விலகிவிடுவார். பின்னால் வந்தால் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார், எதிரணிக்கு இரண்டு புள்ளி. இந்தக் கணக்கு மாதக்கணக்கில் சேர்ந்து பிடித்தால்தான் உடம்பில் ஏறும். ஏலத்தில் நாலு அணியிலிருந்து நாலு நல்ல தடுப்பாளர்களை எடுத்துப் போட்டால் வராது. அதனால் ரெய்டருக்குக் கை தூக்குவதற்கு முன், ஏற்கெனவே சேர்ந்து ஆடிய கார்னர், கவர் ஜோடி ஒன்றைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று பெயர், ஒவ்வொரு பெயருக்கும் இதற்கு மேல் இல்லை என்று ஒரு தொகை, முதல் நாள் ராத்திரியே எழுதியாக வேண்டும். பலகையைப் பயிற்சியாளரிடம் கொடுங்கள். ‘போதும்’ என்று சொல்லும் உரிமை மட்டும் உங்களிடம் இருக்கட்டும்.

கிராமத்து மின்னொளிப் போட்டிக்கு அணி இறக்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். வெளியூர் ஆள் ஒருவரை ஒரு ராத்திரிக்குக் காசு கொடுத்து இறக்குகிறீர்கள். கோப்பை வந்தாலும் மறுநாள் காலையில் அவர் பஸ் ஏறிவிடுவார். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டருக்கு 10. மண்ணுக்குப் பதில் விரிக்கிற மேட், மீட்டர் சதுரத் துண்டுகள் என்றால் 130, சுற்று ஓரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அதை வாங்கிப் பள்ளிக்கூடத்தில் விரித்தால் நம் பையன்கள் ஷூ போட்டுத் திரும்பப் பழகுவார்கள். மண்ணிலேயே வளர்ந்த கால் தேர்வுக்குப் போய் மேட் விரிப்பில் வழுக்குவதை இங்கே இருக்கும் ஆசிரியர்கள் பார்த்திருப்பீர்கள்.

கடைசியாக ஒப்பந்தத்தில் ஒரு வரி. முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை செய்தால் திரும்ப ஆட ஒன்பது மாதம் ஆகும். புரோ கபடிப் பருவமோ இரண்டு, மூன்று மாதம் போல. பருவம் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்ததென்றால் மீதி மாதங்களின் பிசியோதெரபிக்கு யார் பணம் கட்டுவது? பையனின் அப்பா கட்டுவார், அல்லது அவன் பாதியில் நிறுத்திவிடுவான், அடுத்த ஆட்டத்தில் அதே கால் மறுபடி போகும். ‘ஆட்டத்தில் பட்ட காயம் ஆறும் வரை செலவு அணியுடையது’ என்று எழுதச் சொல்லுங்கள். அதற்குக் காப்பீடும் உண்டு. கையெழுத்துக்கு முன் அந்த வரி இருக்கிறதா என்று உங்கள் மாணவர்களுக்காக நீங்களே படித்துப் பாருங்கள்.