மேசை மேல் ஒரு தலை, கதவுக்குப் பின்னால் ஒரு தட்டல்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று நான் பேசப்போவது ஒரு பழைய அமெரிக்கத் திகில் படத்தைப் பற்றி. பேய், பிசாசு எதுவும் கிடையாது. ஒரு டாக்டர்தான் இருக்கிறார். ‘தி பிரெயின் தட் வுடண்ட் டை’ என்பது படத்தின் பெயர். ‘சாக மறுத்த மூளை’ என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1959-இல் நியூயார்க் பக்கம் எடுத்தார்கள், 1962-இல்தான் திரைக்கு வந்தது. இயக்கியவர் ஜோசப் கிரீன். செலவு சுமார் 62,000 டாலர், படப்பிடிப்பு 13 நாள் என்பார்கள். அன்றைய அமெரிக்கக் கணக்கில்கூட அது சின்னக் காசுதான்.

இந்தப் படத்தை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

வீடியோ கேசட் காலம் அது. யாரோ கொடுத்த கேசட்டை இரவு பத்து மணிக்கு மேல் போட்டேன். டெக்கில் நாடாவைப் படிக்கிற ஹெட் அழுக்கு. படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக மழை பெய்கிறது, ஆள் யார், சுவர் எது என்றே தெரியவில்லை. ஆனால் அந்த டெக்குகளில் படத்தை எடுக்கிற ஹெட் வேறு, ஒலியை எடுக்கிற ஹெட் வேறு. அதனால் சத்தம் மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது. ஒரு பெண் குரல், கிட்டத்தட்டக் கிசுகிசுப்பு, “என்னைச் சாக விடு” என்கிறது. அப்புறம் எங்கோ ஒரு கதவை உள்ளிருந்து யாரோ இடிக்கிற சத்தம். திரும்பவும் அந்தக் குரல்.

பக்கத்து அறையிலிருந்து அக்கா எழுந்து வந்தாள். “அணைச்சிடுடா” என்றாள். “படம்தான் தெரியலையே அக்கா, என்ன பயம்?” என்றேன். “தெரிஞ்சா பயம் இருக்காதுடா” என்றாள். அந்தச் சொல்லை நான் இன்றுவரை மறக்கவில்லை. சில மாதம் கழித்து நல்ல பிரதி கிடைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, படத்தின் தொடக்கமே அப்படித்தான் என்று. திரை இருட்டாக இருக்கும், அந்தக் குரல் மட்டும் வரும். வானொலி நாடகம் மாதிரி. என் டெக் கெட்டதில் பெரிதாக எதையும் இழக்கவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். பில் கார்ட்னர் என்று ஓர் இளம் அறுவை மருத்துவர். அவருடைய அப்பாவும் அறுவை மருத்துவர்தான். அப்பா கைவிட்ட ஒரு நோயாளியை மகன் அதே மேசையில் உயிர்ப்பித்துக் காட்டுகிறார். அந்த வெற்றி தலைக்கேறிவிடுகிறது. அன்றே தன் வருங்கால மனைவி ஜேனைக் காரில் ஏற்றிக்கொண்டு, தனியாக ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் வீட்டுக்கு விரைகிறார். வழியில் விபத்து. ஜேனின் தலை துண்டாகிவிடுகிறது. மனிதர் என்ன செய்கிறார்? தலையைக் கோட்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறார். ஒரு தட்டில் திரவம் ஊற்றி, குழாய்கள் பொருத்தி, அந்தத் தலையை உயிரோடு வைத்திருக்கிறார். அப்புறம் அதற்குப் பொருத்த ஒரு பெண்ணின் உடலைத் தேடி ஊரெல்லாம் அலைகிறார்.

ஜேனாக நடித்தவர் வர்ஜீனியா லீத். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் முதல் முழுநீளப் படத்தில் நடித்தவர். இங்கே அவருக்குக் கிடைத்தது மேசைக்கு மேல் தலை மட்டும். உடலை மேசைக்கடியில் மறைக்கும் வித்தை மேடைக்காரர்களுக்குப் பழக்கமானதுதான். 1865-இலேயே லண்டன் மேடையில் ஸ்டோடேர் என்பவர் மேசைமேல் ஒரு தலையைப் பேசவைத்துக் கூட்டத்தை மிரட்டியிருக்கிறார். உடல் தெரியாதபடி மேசைக்கடியில் கண்ணாடி எப்படி வைத்தார்கள் என்று விளக்கப் படம் வரையவேண்டும், அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது ஒரு சின்னச் சோதனை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் வேண்டாம், மற்றவர்கள் கழுத்தில் இரண்டு விரலை வைத்து ‘ம்’ என்று சொல்லுங்கள். அதிர்கிறதா? இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, காற்றே வெளியே போகாமல், அதே ‘ம்’மைச் சொல்லப் பாருங்கள். வராது. குரல் என்பது நுரையீரலிலிருந்து வரும் காற்று. அப்படியானால் உடலே இல்லாத ஜேன் எப்படிப் பேசுகிறாள்? பேச முடியாது. அறிவியல்படி படம் அங்கேயே விழுந்துவிடுகிறது. எனக்கு அது உறுத்தவில்லை. ஏனென்றால் அவள் பேசாவிட்டால் அந்த டாக்டரை யார் கேள்வி கேட்பார்கள்?

நான் இத்தனை வருடமாக இந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதுதான். கிறுக்கு விஞ்ஞானி என்றதும் கலைந்த முடியும் கொதிக்கிற குடுவையும் நம் நினைவுக்கு வரும். பில் கார்ட்னர் அப்படி இல்லை. அழகாக வாரிய தலை, நல்ல கோட்டு, காதலிமேல் உண்மையான பாசம். அவருடைய கிறுக்கு ஒன்றே ஒன்று. அவர் அவளைக் கேட்கவில்லை. வாழ வேண்டுமா என்று கேட்கவில்லை. இன்னொருத்தியைக் கொன்று அந்த உடலில் வாழச் சம்மதமா என்றும் கேட்கவில்லை. அவள் வாய்விட்டுச் சொன்ன பிறகும் கேட்கவில்லை. 1947-இல் நூரெம்பர்க் தீர்ப்போடு வந்த மருத்துவப் பரிசோதனை நெறிகளில் முதல் விதியே, ஆய்வுக்கு உட்படும் மனிதரின் தன்னிச்சையான சம்மதம் கட்டாயம் என்பதுதான். நாஜி வதை முகாம்களில் டாக்டர்கள் செய்ததைப் பார்த்து எழுதிய விதி அது. பன்னிரண்டு வருடம் கழித்து, கையில் காசில்லாத ஒரு படக்குழு அந்த விதியை ஒரு தலையின் வாயில் வைத்துப் பேசவைத்தது.

அடுத்து, அந்தக் கதவு. ஆய்வுக்கூடத்தில் கனமான கதவு ஒன்று இருக்கிறது, நடுவில் சின்னத் திறப்பு. உள்ளே டாக்டரின் தோற்றுப்போன பரிசோதனைகளெல்லாம் சேர்ந்து ஓர் உருவம். அதைக் கடைசிவரை முழுதாகக் காட்டமாட்டார்கள். தட்டல், உறுமல், அவ்வளவுதான். ஜேன் மெல்ல அதனோடு பேசத் தொடங்குகிறாள். “ஒன்று தட்டினால் புரிந்தது” என்பதுபோல ஓர் உறவு. அந்த வீட்டில் அவள் பேச்சைக் கேட்பது அது ஒன்றுதான். காசு நிறைய இருந்திருந்தால் பத்தாவது நிமிடமே அந்த உருவத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்கள். இல்லாததால் கதவைச் சாத்திவைத்தார்கள். என் அக்கா சொன்னதைத் திரும்பச் சொல்கிறேன்: தெரிஞ்சா பயம் இருக்காது.

கதவை உடைத்துக்கொண்டு வருபவர் எடி கார்மெல். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறால் வளர்ந்துகொண்டே போனவர், ஏழடிக்கு மேல் உயரம். சர்க்கஸில் தன்னைக் காட்டிப் பிழைத்தார். 1970-இல் புகைப்படக் கலைஞர் டயான் ஆர்பஸ் அவரை வீட்டில் அம்மா அப்பாவோடு எடுத்த படம் உலகப் புகழ்பெற்றது. கூரையில் முட்டாமலிருக்கக் குனிந்து, ஊன்றுகோலோடு நிற்பார், அம்மா அண்ணாந்து பார்ப்பார். இரண்டு வருடத்தில், 1972-இல், முப்பத்தாறாவது வயதில் இறந்துபோனார். அந்தப் புகைப்படத்தைப் பார்த்த பிறகு படத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். கதவுக்குப் பின்னால் இருப்பதை அரக்கன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. உண்மையான ஆய்வுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சோவியத் மருத்துவர் பிரியுகோனென்கோ 1920-களிலேயே, துண்டித்த நாய்த் தலையை இரத்தம் செலுத்தும் கருவியால் சிறிது நேரம் உயிரோடு வைத்துக் காட்டினார். 1954-இல் அதே நாட்டின் டெமிகோவ், குட்டி நாயின் தலையையும் முன்னங்கால்களையும் பெரிய நாயின் கழுத்தில் ஒட்டினார். 1970-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஒயிட் ஒரு குரங்கின் தலையை இன்னொரு குரங்கின் உடலுக்கு மாற்றினார். அது கண்ணை உருட்டிப் பார்த்தது, உடலை மட்டும் அசைக்க முடியவில்லை. அதுவும் கேட்கப்படவில்லை.

படம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பார்க்கும்போது தொடக்கத்தில் திரை இருட்டாக இருக்கும், கோளாறு என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்துக் கேளுங்கள். வணக்கம்.