ராகம் தெரியாம கச்சேரிக்குப் போகலாமா?

அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "மார்கழி சீசன்ல கர்நாடக சங்கீதக் கச்சேரிக்கு ஃப்ரெண்ட்ஸ் கூப்பிடுறாங்க. எனக்கு ராகம், தாளம் ஒண்ணும் தெரியாது. அரை மணி நேரத்துல போர் அடிச்சிடுது. எப்படி ரசிக்கக் கத்துக்கிறது? என்னை மாதிரியே ஒண்ணும் தெரியாதவங்களை நான் கூட்டிட்டுப் போகலாமா?"

தாராளமா போகலாம். ராகம் கண்டுபிடிக்கிற வேலையை இப்போதைக்கு விட்டுடுங்க. பக்கத்து சீட்டுல ஒருத்தர் "காம்போதி"ன்னு ராகத்தோட பேரை முணுமுணுப்பார், உடனே நமக்குப் பரீட்சை ஹால்ல உக்காந்திருக்கிற மாதிரி ஒரு பயம் வந்துடும். பேர் தெரியாமலே ராகம் காதுல ஏறும். பேர் அப்புறமா வரட்டும்.

முதல்ல கையைப் பழக்குங்க. நிறைய பாட்டு ஆதி தாளம்தான், எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அப்புறம் தட்டித் திருப்பு, மறுபடி தட்டித் திருப்பு. அவ்வளவுதான். சபாவுல எத்தனையோ பேர் தொடையில தாளம் போட்டுக்கிட்டிருப்பாங்க, அவங்களைப் பார்த்தே பிடிச்சுக்கலாம். பெரிய பாட்டு ரெண்டு களையில வந்தா ஒவ்வொண்ணையும் ரெண்டு தரம் போடுவாங்க, குழம்பாதீங்க. சத்தம் மட்டும் வராம போடுங்க.

அடுத்தது, கண்ணைத் திறந்து கேளுங்க. வீட்ல ரெக்கார்டிங்ல கிடைக்காதது இதுதான். ஆலாபனையில, அதாவது வார்த்தை இல்லாம ராகத்தை மட்டும் விரிச்சுப் பாடும்போது, பாடகர் ஒரு சின்னத் துணுக்கைப் பாடி நிறுத்துவார், வயலின் அதையே வாங்கித் திருப்பித் தரும். சில நேரம் வயலின்ல வந்த ஒண்ணைக் கேட்டுட்டு, பாடகர் "ஆஹா"ன்னு சொல்லிட்டு அதையே எடுத்துப் பாடுவார். அந்த நிமிஷம் மேடையில புதுசா பிறந்தது அது. அதைப் பார்க்கத்தான் நேர்ல போறோம்.

தனி ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற பகுதிக்கு வருவோம். முக்கியமான பாட்டு முடியுற இடத்துல மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் விட்டுடுவாங்க. உடனே பாதி ஹால் எழுந்து காபிக்குப் போகும். எனக்கு நிஜமாவே இதுல ரொம்ப வருத்தம். புதுசா வர்றவங்களுக்கு சுலபமா பிடிபடுற பகுதியே அதுதான்! ராகமும் வேண்டாம், சாகித்தியமும் (பாட்டோட வரிகள்) வேண்டாம், வெறும் கணக்கு. மிருதங்கம் ஒண்ணு வாசிக்கும், கடம் பதில் சொல்லும். அந்தக் கேள்வி பதில் சின்னதாகிட்டே வரும், பாதியாகும், கால்வாசியாகும், அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்துடுவாங்க. கடைசியில கோர்வைன்னு கணக்கு போட்டுக் கோத்த ஒரு முத்தாய்ப்பு, மூணு தடவை வரும். மூணாவது முடியற இடத்துல பாடகர் பாட்டோட வரியை டக்குன்னு எடுப்பார். நீங்க கையில தாளத்தை விடாம வச்சிருந்தா, அது சரியா வந்து விழறது உடம்புக்கே தெரியும். மிருதங்கக்காரர் விரல் தெரியுற பக்கமா சீட் பார்த்துக்கோங்க.

நண்பர்களைக் கூட்டிட்டுப் போறதைப் பத்தி. எடுத்தவுடனே மூணு மணி நேர ராத்திரிக் கச்சேரிக்கு இழுத்துட்டுப் போகாதீங்க. பல சபாக்கள்ல மதியம் இளைஞர்கள் பாடற கச்சேரிக்கு டிக்கெட்டே வாங்க வேண்டாம், நேரமும் கம்மி. பாஷை புரியலையேன்னு தயங்குறவங்களா? சென்னை பாரிமுனையில ராஜா அண்ணாமலை மன்றம் இருக்கு. 1943ல தொடங்கின தமிழ் இசைச் சங்கம் அங்க விழா நடத்துது, முழுக்கத் தமிழ்ப் பாட்டுதான் கேட்கலாம்.

இப்ப நாம கேட்கிற கச்சேரி அமைப்பை பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்ததா சொல்வாங்க. வர்ணம்ங்கிற பாட்டு வகையில தொடங்கி, நடுவுல ஒரு கனமான பாட்டு, கடைசியில துக்கடான்னு சொல்ற சின்னச் சின்ன பாட்டுகள். கேட்கிறவங்களுக்கு அலுப்பு தட்டக்கூடாதுங்கிற அக்கறை அதுலயே இருக்கு. அதனால முதல் அரை மணியிலயே எழுந்துடாதீங்க, கனமானது இன்னும் வரல. எழுந்தே ஆகணும்னா ரெண்டு பாட்டுக்கு நடுவுல எழுந்திருங்க.

ஹாலுக்குள்ள நண்பருக்குப் பாடம் எடுக்காதீங்க. "இப்ப நிரவல், இப்ப ஸ்வரம்"னு காதுல சொன்னா பாட்டு அவருக்கும் கேட்காது, பின்சீட்டுக்காரருக்கும் கேட்காது. எல்லாம் முடிஞ்சு சபா கேன்டீன்ல உக்காந்து, "உனக்கு எந்த இடம் பிடிச்சுது?"ன்னு மட்டும் கேளுங்க. அவர் அந்த இடத்தை வாயால முனகிக் காட்டினாருன்னா, அடுத்த வாரத்துக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுடுங்க.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.